காரணம் என்ற கட்டம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜுக்குப் பின்னால்
கிரேன்காரர்கள் இறக்கிவிட்டுப் போன காலிமனையில்
நிற்கிறது.
டயர் இல்லை, ரிம்மில் நிற்கிறது.
பதினேழு சீட்டு வண்டியாகப் பிறந்து
சீட்டெல்லாம் பிடுங்கப்பட்டு
கட்டில், சிங்க், அடுப்புமேடை வாங்கி
வீடாகிப் பதினோரு மாதம்.

நான் சர்வேயர்.
எரிந்ததைப் பார்த்து எழுதுவது பிழைப்பு.
இன்று முதல் கேள்வியிலேயே தகராறு:
சொத்தின் வகை, வாகனமா வீடா?
இரண்டிலும் டிக் அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்காது.

"வீடுன்னே போடுங்க சார்" என்கிறாள் கிளாடிஸ்.
காக்ஸ் டவுன் தமிழ்.
நான் கேட்காமலே சொல்கிறாள்,
மாடிப்படி வரை ஏற்றிவிட்டுப் பெயர் கேட்பார்களாம்.
தனித்தனியாக இரண்டு பெயரும் பரவாயில்லையாம்.
சேர்த்துச் சொன்னால்தான்
போன் பண்ணுகிறோம் என்பார்களாம்.
தேஜஸ் ஒன்றும் பேசவில்லை.
வலது கையில் கட்டு.

குனிகிறேன்.
இந்த ரக வண்டிக்கு எஞ்சின் வெளியே இல்லை.
டிரைவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில்
மூடி போட்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.
இரைச்சல் அடங்க
மூடியின் மேல் ஜமுக்காளம் ஒட்டியிருக்கிறார்கள்.
டீசல் குழாயில் நகம் நுழையாத ஒரு வெடிப்பு.
சொட்டுச் சொட்டாய் ஜமுக்காளம் குடித்திருக்கிறது,
எத்தனை நாளோ.

ஹெப்பாள் மேம்பால ஏற்றத்தில்
முள் சிவப்பைத் தொட்டது.
எஞ்சின் இருமி நின்றது.
மறுபடி சாவி. மறுபடி.
கருகல் வாசனை வந்ததா?
வந்தது சார், வெளியேன்னு நினைச்சோம்.
நியாயம்தான்.
இந்த ஊரில் எந்தச் சாயங்காலம்
ஏதாவதொரு முனையில் குப்பை எரியாமல் இருந்தது?

பிறகு ஹாரன்.
யாரும் தொடவில்லை.
உள்ளே எங்கோ உருகிய இரண்டு வயர்கள் ஒட்டிக்கொள்ள
வண்டி தானாகவே கத்தியது.
பின்னால் நின்றவர்கள்
நம்மைத்தான் விரட்டுகிறான் என்று
பதிலுக்கு அடித்தார்கள்.
பி.எம்.டி.சி. பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர், சாப்பாட்டுப் பை பையன்கள்,
பாலம் முழுக்க.
புகை கண்ணாடியை மறைக்கும் வரை
அது சண்டை என்றே இருந்திருக்கிறார்கள்.

சிலிண்டரைக் கழற்றி வெளியே வீசியவர்
தண்ணி கேன் டெம்போக்காரர்.
பெயர் யாருக்கும் தெரியவில்லை.
எட்டு கேனைக் கவிழ்த்தாராம் நெருப்பின் மேல்.
டீசல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
எனக்குத் தெரியும்.
அதைச் சொல்லும் இடமல்ல அது.

சிங்க்குக்கு அடியில்
எரியாமல் தப்பிய பலகையில் ஃபியூஸ் பெட்டி.
நான்காவது ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
செம்புக் கம்பி, மூன்று முறுக்கு.

கிளாடிஸ் குரலைத் தாழ்த்துகிறாள்:
"மிக்சி போட்டா போயிடும் சார்.
மூணு தடவ மாத்தியாச்சு.
அன்னிக்குத் தேங்கா அரைச்சே ஆகணும்.
நான்தான் முறுக்கினேன். அவருக்குத் தெரியாது."

அல்ல, நான் செய்தது என்று
கன்னடத்தில் சொல்கிறான் தேஜஸ்,
எரிந்த ஜன்னல் பக்கமிருந்து, திரும்பாமலே.

தீ இங்கே பிறக்கவில்லை.
கம்பியைச் சுற்றிப் பலகை மஞ்சளாகக்கூட மாறவில்லை.
ஆனால் கம்பெனிக்கு ஒரு கம்பி போதும்,
மீதிக் கதையை அவர்கள் படிக்க மாட்டார்கள்.
கேமராவை எடுத்தேன். வைத்தேன்.
டீ குடிக்கப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.
எடுத்தேன்.
கம்பி, அதன் பக்கத்தில் கருகாத பலகை,
இரண்டும் ஒரே படத்தில் விழும்படி
நான்கு கோணம்.
காரணம் என்ற கட்டத்தில்
டீசல் குழாய் என்று எழுதிவிட்டு
கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன், ஒரு வரி விட்டுப்போயிருந்தது.
இப்ப எங்க தங்கியிருக்கீங்க?

"நான் அக்கா வீட்ல.
அவரு ஜாலஹள்ளில, ஃப்ரெண்ட் ரூம்ல."

தற்போதைய முகவரிக்கு ஒரே கோடுதான் இருந்தது.
எழுத்தைச் சிறிதாக்கி
இரண்டையும் அதில் அடைத்தேன்.